தார்சாவில் ஓர் அலுவலகம்

ஆனி பிறந்துவிட்டால் இந்த நகரத்தில் எனக்கு வேலை ஓடாது.

பழைய மகாபலிபுரம் சாலையில், பதினோராவது மாடியில், கண்ணாடிச் சுவருக்கு உள்ளே ஏசிக் குளிரில் உட்கார்ந்திருப்பேன். வெளியே, கத்திரி முடிந்த பிறகும் முடியாத வெயில். திரையில் புனேயிலிருந்து யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து ஒரு வீடியோ வந்து விழும். மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் மூடிக் கிடக்கும். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். எடுத்தவர் கை நடுங்குவது காற்றினாலா குளிரினாலா என்று சொல்ல முடியாது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் அதைப் பார்ப்பேன். அந்தக் காற்றின் இரைச்சலையும் கேட்டுவிட்டால் அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

இதை வாசிக்கிற நீங்கள் தென்காசியோ இலஞ்சியோ செங்கோட்டையோ பாவூர்சத்திரமோ, இப்போது சோழிங்கநல்லூரிலோ ஒயிட்ஃபீல்டிலோ கச்சிபௌலியிலோ உட்கார்ந்து பொட்டி தட்டுகிறவர் என்றால், நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் வந்திருக்கும் அந்த வீடியோ.

குற்றாலத்தை நினைத்து ஏங்குகிறேன் என்றால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். சீசனுக்கு வந்து ஒருநாள் குளித்துவிட்டுப் போகிறவர்கள்கூட ஏங்கத்தான் செய்கிறார்கள். என் கேஸ் கொஞ்சம் கோளாறானது. நான் ஏங்குவது அங்கே இருந்துகொண்டு பார்த்த வேலைக்கு. அந்த வேலை நேரத்துக்கு. ஆபீஸ் வேலையை நினைத்து ஏங்குகிற கிறுக்கும் உண்டுமா என்று அம்மாகூடச் சிரிக்கிறாள்.

2020 மார்ச். ரயில்கள் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்து, ஒரு பையும் கம்பெனி மடிக்கணினியுமாக ஊரில் போய் இறங்கினேன். தென்காசி தனி மாவட்டமாகி அப்போது நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீடு மேலகரத்தில். குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் ஊர் என்று தாத்தா யார் வந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுவார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, அடுத்தது தார்சா, அப்புறம் பட்டாசல், பின்கட்டில் அடுப்பங்கரை. தார்சாவில்தான் காற்று வரும், தார்சாவில்தான் செல்போன் சிக்னலும் கொஞ்சம் வரும். தாத்தா கணக்கு எழுதிக்கொண்டிருந்த மேஜை அங்கேயே கிடந்தது. அதன்மேல் விரித்த பழைய போர்வையின்மேல் என் அலுவலகம் திறந்தது.

பத்து நாளைக்கு என்றுதான் போனேன்.

அதற்கு முன்னால் வீட்டிலிருந்து இந்த வேலையைப் பார்ப்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையில் ஆயிரத்தெட்டு நிபந்தனைகள் இருந்தன. மார்ச் மாதத்தில் அவற்றை அவசரமாகத் தளர்த்தினார்கள். நவம்பரில் புதிய வழிகாட்டுதலே வந்து, வீட்டிலிருந்து மட்டுமில்லை, எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றது. டி.சி.எஸ். மாதிரி பெரிய நிறுவனமே, 2025-க்குள் தன் ஆட்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று அறிவித்தது. நாங்கள் எல்லாரும் நம்பினோம். இலஞ்சிக்குளத்துப் பக்கம் ஐந்து சென்ட் பார்த்து வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்கிற அளவுக்கு நம்பினேன்.

எங்கள் கம்பெனிக்கு அப்போது ஒரே கவலை. ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறார்கள்; இவர்களை எப்படி ஈடுபாடு குறையாமல் வைத்துக்கொள்வது? வாரம் ஒரு மெயில் வரும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் ஆளுக்கொரு டீ டம்ளரோடு கேமரா முன்னால் உட்கார வேண்டும். சினிமா வினாடி வினா. வீட்டு மேஜையைப் போட்டோ எடுத்து அனுப்பும் போட்டி (என் போர்வைக்குப் பரிசு கிடைக்கவில்லை). இந்த வாரம் எவ்வளவு உற்சாகமாக இருந்தீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்று ஒரு படிவம். அதை நடத்திய எச்.ஆர். பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். கிண்டியில் ஒற்றை அறையில் தனியாக மாட்டிக்கொண்டு எங்களைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டவள் அவள். ஒருநாள் கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகும் இணைப்பை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் இருந்ததைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றாள்.

கவலைப்பட்டதிலும் நியாயம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம், சீனாவின் சி-ட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து போன் எடுத்தவர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை பார்த்தார்கள். ஆனால் இனி உங்கள் விருப்பம் என்று விட்டபோது, அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். காரணம் தனிமை. அந்தப் பாதிப்பேரில் ஒருத்தியாக நான் ஆகாமல் போனதற்கு எங்கள் கம்பெனி காரணமில்லை. சம்பளப் பட்டியலில் இல்லாத ஆட்கள் காரணம். முதல் ஆள் எங்கள் ஆச்சி.

ஆச்சிக்கு என் வேலை என்னவென்று தெரியாது. வெள்ளைக்காரனோடு பேசுகிற வேலை, பேச்சு நடுவில் சத்தம் கூடாது, இவ்வளவுதான் அவள் பிடித்துக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே நிர்வாகம் செய்தாள். காலையில் நான் கணினியைத் திறந்ததும் திண்ணையில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். கீரைக்காரம்மா முக்கில் திரும்பும்போதே இவள் கை உயர்ந்துவிடும். "ஏளா, சத்தம் போடாத. உள்ள பிள்ள பேசிட்டு இருக்கா." கீரைக்காரம்மா கூவுவதை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டைத் தாண்டுகிறவரை வெறுமனே நடப்பாள். இரண்டு வீடு தள்ளிப் போனபின் "அரைக்கீரை… தண்டங்கீரை…" என்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் அவளே வாசலில் நின்று மெதுவாக எட்டிப் பார்த்து, "மீட்டிங்கு முடிஞ்சிட்டாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூவினாள்.

எனக்காக ஒருத்தி தன் வியாபாரக் குரலை இறக்கிக்கொண்டாள். எந்த அலுவலகத்தில் இது நடக்கும்?

அடுப்பங்கரையில் குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் அம்மா கரண்டியால் வெயிட்டைத் தூக்கிப் பிடிப்பாள். எதிர்வீட்டு மதினி மாவாட்டுகிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற அன்று காலையில் லைன்மேன் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "ஒம்பது மணிக்கு ஆஃப் பண்ணுதோம், சார்ஜ் போட்டுக்கச் சொல்லுங்க பாப்பாவ" என்பார். இவர்கள் யாருக்கும் என் கம்பெனியின் பேர் தெரியாது. ஊரில் கம்ப்யூட்டர் வேலை என்றாலே மத்தளம்பாறைதான். 2011-லேயே அங்கே ஸோஹோ அலுவலகம் வந்துவிட்டது. ஸோஹோ டெஸ்க் என்று உலகம் முழுக்க விற்கிற மென்பொருளை வயலுக்கும் தோப்புக்கும் நடுவில் உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே 2019-லிருந்து அங்கேதான் குடியிருந்தார். அதனால் நானும் ஸோஹோவில்தான் இருக்கிறேன் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. திருத்திப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

நாலு மணிக்கு டீ வரும். வெள்ளிக்கிழமை மட்டுமில்லை, தினமும். ஆச்சி எவர்சில்வர் டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு வந்து, கேமராவுக்குத் தெரியாமல் ஓரமாக வைப்பதாக நினைத்து, சரியாகக் கேமராவின் நடுவில் கையை நீட்டுவாள். சுருங்கிய கை, ஒற்றை வளையல், ஆவி பறக்கிற டம்ளர். புனே மேனேஜருக்கு இது பழகிப்போயிற்று. நிரல் வரிகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறவர் நிறுத்திவிட்டு "வணக்கம் ஆச்சி" என்பார், அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ். ஆச்சி அவருக்குப் பதில் சொல்லமாட்டாள். என்னிடம், "அவன் சாப்ட்டானான்னு கேளு" என்பாள்.

இராத்திரி ரிலீஸ் என்றால் அவளும் தூங்கமாட்டாள். போய்ப் படு ஆச்சி என்றால், எனக்கென்ன தூக்கமா வருது என்பாள். தார்சாவின் ஓரத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, நடுச்சாமத்துக்குமேல் சுக்குக் காப்பி போட்டுத் தருவாள். ஒருமுறை சர்வர் படுத்துவிட்டது என்று நான் யாரிடமோ கத்திக்கொண்டிருந்ததை அவள் கேட்டிருக்கிறாள். விடியற்காலையில் கண் எரிய எழுந்து வந்தபோது அவளுடைய முதல் கேள்வி, "அந்த சர்வர் எந்திரிச்சிட்டானாட்டி? பாவம், யார் பெத்த பிள்ளையோ." எந்த ஓட்டல் பையனுக்கு என்ன ஆனதோ என்று இராத்திரி முழுக்கக் கவலைப்பட்டிருக்கிறாள். எழுந்துவிட்டான் ஆச்சி என்றேன்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கான் என்பவர் 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். எச்.ஆர். வகுப்புகளில் இன்றும் காட்டுகிறார்கள். கோடை முகாம் ஒன்றில் வேலை பார்த்தவர்களையும் ஒரு கட்டடக்கலை நிறுவனத்து ஆட்களையும் கூர்ந்து பார்த்து, மனிதர்கள் எப்போது வேலைக்குள் முழுசாக இறங்குகிறார்கள் என்று மூன்று காரணம் சொன்னார். செய்கிற காரியத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்று தோன்ற வேண்டும். தன் சுபாவத்தோடு இருந்தால் ஆபத்தில்லை என்ற தைரியம் வேண்டும். இறங்குவதற்கு உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். முதல் இரண்டை ஒரு கம்பெனி நினைத்தால் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதை யார் கொடுப்பது? எனக்கு அது டம்ளரில் வந்துகொண்டிருந்தது.

எல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று எழுதினால் அம்மா அடிக்க வருவாள். மரநாற்காலியில் உட்கார்ந்து எனக்கு இடுப்புப் போயிற்று. சாரல் வலுத்தால் இணைப்பு அறும். மச்சில் ஏறி, ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நின்று பேசியிருக்கிறேன், காற்று குடையை மடக்கிக்கொண்டு போகும். வீட்டில்தானே இருக்கிறாள் என்று கல்யாண வீடுகளுக்குப் போகச் சொல்லுவார்கள். வருகிற சொந்தக்காரர்கள் மடிக்கணினிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இப்படியே உக்காந்திருந்தா எப்ப முடிக்கதாம்?" என்பார்கள். அவர்கள் கேட்டது என் வேலையைப் பற்றி இல்லை.

ஆனாலும்.

சாரலுக்குச் சத்தம் கிடையாது, தெரியுமா. வெளியூர்க்காரர்கள் மழை என்றால் இரையும் என்று நினைப்பார்கள். கேரளத்தில் பெய்து தீர்த்த மேகத்தின் மிச்சம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்து தூவும்போது ஓட்டின்மேல் விழுவதே கேட்காது. ஓட்டு விளிம்பில் சேர்ந்து, திரண்டு, முற்றத்துக் கல்லில் சொட்டும்போதுதான் கேட்கும். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்த இடைவெளியில்தான் நான் நிரல் எழுதினேன். வெயிலும் அடித்துக்கொண்டிருக்கும், தூறிக்கொண்டும் இருக்கும், கொடியில் துணி மூன்று நாளானாலும் காயாது, வீடு முழுக்க ஈரத்துணி வாசமும் அதைப் போக்க அம்மா போட்ட சாம்பிராணி வாசமுமாக, நேரம் என்ன என்றே தெரியாத ஒரு சாம்பல் வெளிச்சத்தில் காலையும் மத்தியானமும் ஒன்றாகக் கிடக்கும். தலையைத் தூக்கினால் நாலு மணி. டீ.

இப்போது என் மேஜையில் இரைச்சலை வடிகட்டுகிற ஹெட்போன் இருக்கிறது. அதில் மழைச் சத்தம் போட்டுக் கேட்கலாம். இடைவிடாமல் பெய்கிறது அந்த மழை.

அந்த இரண்டு சீசன்களை நினைத்துப் பாருங்கள். 2020, 2021. அருவியில் தண்ணீர் விழுந்தது, ஆனால் குளிக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஆனியிலும் ஆடியிலும் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் இல்லை. நேந்திரம் சிப்ஸ் கொதிக்கிற எண்ணெய் வாசம் இல்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்திருக்கிற கடைகள் சாத்திக் கிடந்தன. லாட்ஜுகளை நம்பியிருந்தவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் என்ன பாடுபட்டார்கள் என்பதைத் தெருவில் பார்த்தேன்; அந்த வெறுமையை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு சாயங்காலம், மாத்திரை வாங்கப் போன சாக்கில், தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பேரருவியைப் பார்த்தேன். மேலே பொங்குமாங்கடலில் விழுந்து எழும்பி, வளைவைத் தாண்டி, கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு ஆள் இல்லை. குற்றாலநாதர் கோயில் பக்கமிருந்து ஒரு குரங்குக் கூட்டம் வந்து பாறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊரடங்கிய இராத்திரிகளில், காற்று மேற்கிலிருந்து நேராக அடித்தால், அந்தச் சத்தம் மேலகரம் வரைக்கும் கேட்கும் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். நான் நம்பினதில்லை. அந்த ஆடியில் கேட்டேன். அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் டீமில் தினமும் காலைக் கூட்டம் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய் என்பதற்கெல்லாம் முன்னால், "குத்தாலத்துல தண்ணி விழுதா?" மதுரைப் பையன்தான் ஆரம்பித்துவைத்தான். பிறகு ஹைதராபாத்காரர் கேட்டார், நொய்டாகாரி கேட்டாள், அவரவர் பாஷையில். நான் தார்சா ஜன்னலுக்குத் திரும்பி மலையைப் பார்த்துச் சொல்லுவேன். மலையில் மேகம் ஏறியிருக்கிறது, சாயங்காலம் தண்ணி கூடும். ஐந்தருவியில் நாலு பிரிவுதான் விழுகிறதாம். பழைய குற்றாலம் நல்லா விழுகிறது. போலீஸ்காரரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகவே கேமராவை அணைத்து வைத்திருக்கிறவர்களும் திறப்பார்கள். வினாடி வினாவில் வராத முகங்கள். எட்டு ஊர்களில் எட்டு அறைகளில் அடைபட்டவர்கள், யாரும் குளிக்காத ஒரு அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று தெரிந்துகொள்ள.

அனுமதி திரும்ப வந்த பிறகு, 2022 சீசனில், விடியும் முன்னால் அம்மாவும் மதினியும் நானும் ஐந்தருவிக்குப் போய்விடுவோம். பெண்கள் பகுதியில் பாறையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, உச்சந்தலையில் வாங்கிக்கொண்டு நிற்பது. வெளியே வந்தால் காது அடைத்து, உடம்பில் எடையே இல்லாமல், பல் கிட்டும். வழியில் கொதிக்கக் கொதிக்க ஒரு டீ. ஒன்பதுக்கு ஈரத்தலையோடு தார்சா. மூன்று நாள் பிடிபடாத ஒரு பிழை அப்படி ஒரு காலையில் பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. அருவிதான் காரணம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்.

ஐ.டி. கம்பெனிகள் இயங்குகிற சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கான புது விதி அதே 2022 ஜூலையில் வந்தது. பாதிப்பேர்தான் வீட்டிலிருந்து பார்க்கலாம், ஒரு வருஷம்தான் என்றது. டிசம்பரில் அதைத் தளர்த்தி எல்லாரும் பார்க்கலாம் என்றார்கள். விதி தளர்ந்தது, கம்பெனிகளின் மனசு அதற்குள் இறுகிவிட்டது. நூற்றுக்கு இருபத்தைந்து என்று சொன்ன நிறுவனமே 2023-ல் தன் ஆட்களை வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. எங்களுக்கும் மெயில் வந்தது. நேருக்கு நேர் பார்த்தால்தான் ஈடுபாடு வளரும் என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆச்சியின் பேரை மட்டும் எழுதவில்லை.

தாத்தா மேஜையிலிருந்து வயர்களைப் பிடுங்கிச் சுற்றினேன். கீரைக்காரம்மா வாசலில் நின்று, "அப்போ இனிமே கூவலாமாம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முதுகுக்குத் தாங்கல் வைத்த நாற்காலி, இரண்டு திரைகள், அறவே அறாத இணைப்பு, கரண்ட் போனதே தெரியாமல் ஓடுகிற ஜெனரேட்டர். வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. நாவலூரில் வாடகைக்கு எடுத்த ஃபிளாட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்காருவதற்கும் வீட்டிலிருந்து வேலை என்றுதான் கணக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசிக்கொண்டிருப்பேன், ஒன்பது நாட்டு ஆட்களோடு. பேசி முடித்துவிட்டேன் என்பது யாருக்கும் தெரியாது. டெலிவரிப் பையன் பையைக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, மாட்டியதைப் போட்டோ எடுத்து எனக்கே அனுப்பிவிட்டுப் போவான். அவன் குரலை நான் கேட்டதில்லை. நாலு மணிக்குப் போய் நானே டீ போட்டுக்கொள்வேன். பொங்கி ஊற்றிவிடும், பெரும்பாலும்.

ஆபீஸ் போகிற நாளில் இன்னும் மோசம் என்று சொன்னால் நம்புவீர்களா? ஒன்றரை மணி நேரம் போக்குவரத்தில் நின்று போய்ச் சேர்ந்தால் என் டீமில் அங்கே யாரும் இல்லை. மதுரைப் பையன் பெங்களூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் அவரவர் ஊர் ஆபீஸில். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே திரையில், அதே புனே. பக்கத்து இருக்கையில் யாரோ, அவர்கள் காதில் வேறு ஊர். ஈடுபாட்டுக்கென்று மாதக் கடைசியில் கேக் வெட்டுகிறார்கள், கூடையில் சாக்லேட் வருகிறது. தண்ணி விழுதா என்று கேட்கிறவர் இல்லை. கேட்டாலும் நான் எந்த ஜன்னலைத் திரும்பிப் பார்ப்பது.

ஆச்சி நன்றாகத்தான் இருக்கிறாள். நீங்கள் வேறு மாதிரி நினைத்திருப்பீர்கள். காது மட்டும் சுத்தமாக அடைத்துவிட்டது. நேரில் பக்கத்தில் உட்கார்ந்து, வாயசைவைப் பார்த்துப் பேசினால் பிடித்துக்கொள்கிறாள். போனில் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் அம்மா போனைக் கொடுத்ததும், நான் பேசுகிறேனா இல்லையா என்று பார்க்காமலே, அவள் பாட்டுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவாள். "சாப்ட்டியா? நேரத்துக்குச் சாப்டு. காத்து ரொம்ப அடிக்கு இங்க. மீட்டிங்கு இருக்குமே, வச்சிரு." வைத்துவிடுவாள். ஆச்சி, இன்றைக்கு மீட்டிங் இல்லை ஆச்சி என்று நான் சொல்வது அந்தப் பக்கம் போய்ச் சேருவதில்லை. வீடியோவில் முகம் தெரியும். அவளோ போனைக் காதில் வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரிவது ஒரு தோடும் கொஞ்சம் நரைத்த முடியும்.

தென்காசிக் கோபுரத்தை மொட்டையாகப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவள் அவள். 1990-ல் புதுக் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆனபோது, இடிந்து கிடந்தது எழும்பிவிடும், போனவர்கள்தான் வருவதில்லை என்று சொன்னாளாம். அம்மா சொல்லுவாள். கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற அந்தக் காற்றுக்கு அவள் இன்னும் போகிறாள், வெள்ளிக்கிழமைகளில், மதினி கையைப் பிடித்துக்கொண்டு.

போன மாதம் எதிர்வீட்டு மதினியின் மகளுக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தபடி பார்க்கிற வேலை. அவர்கள் வீட்டில் சிக்னல் எடுக்காது என்று எங்கள் தார்சாவுக்கு வந்துவிட்டாள், தாத்தா மேஜைக்கு. அம்மா இதைச் சொன்னபோது நல்லதுதானே என்றேன். நல்லதுதான். ஆச்சி மறுபடி திண்ணையில் காலை நீட்டிவிட்டாளாம். கீரைக்காரம்மாவின் சத்தம் மறுபடி முக்கோடு நின்றுவிட்டதாம். ஆச்சிக்குக் காது கேட்காது. கீரைக்காரம்மா கூவுகிறாளா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. கையை மட்டும் தூக்குகிறாளாம், அந்தப் பொம்பளையும் வாயை மூடிக்கொண்டு போகிறாளாம். இதைக் கேட்டு அம்மா சிரித்த அளவுக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது, அந்தச் சின்னப் பெண்ணிடம் போய்.

நேற்று அவளே மெசேஜ் அனுப்பியிருந்தாள். "அக்கா, ஆச்சி நாலு மணிக்கு டீயோட வந்து கேமரா முன்னால நிக்காங்க. என் லீடு என்ன நினைப்பாரோன்னு பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒண்ணும் நினைக்கமாட்டார், ரெண்டு வாரத்துல அவரே வணக்கம் சொல்லுவார், டம்ளரை மட்டும் கீபோர்டுகிட்ட வைக்க விடாதே என்று எழுதினேன். சீனி கொஞ்சமா போடச் சொல்லு என்றும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அப்புறம் அந்தக் கடைசி வரியை அழித்தேன். குறைந்த சீனி எனக்கு. அந்தப் பிள்ளைக்கு எப்படிப் பிடிக்குமோ.